ஸ்பேமர் கையில் சிக்கிய மெயில் சர்வர்: சில குறிப்புகள்

"எங்க மெயில் சர்வர்ல ஸ்பேம் பிரச்சினை" என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது ஒன்றுதான். உள்ளே வருகிறதா, வெளியே போகிறதா? உள்ளே வருவது வெறும் தொல்லை. தினமும் நாலு மெயிலை அழித்துவிட்டு வேலையைப் பார்க்கலாம். வெளியே போவது வேறு வியாதி. உங்கள் சர்வர், உங்கள் பெயரில், உங்களுக்குத் தெரியாமல், உலகத்தில் யார் யாருக்கோ கடிதம் போட்டுக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். இதில் வேடிக்கை என்னவென்றால், சர்வரில் எந்தக் கோளாறும் இருக்காது. சொன்ன வேலையை அது ஒழுங்காகச் செய்கிறது. சொல்கிற ஆள்தான் தப்பு.

அப்படி ஒரு சர்வரைப் பார்த்துச் சரிசெய்ய வேண்டி வந்தது. தெரிந்தவர் நடத்தும் சிறிய ஏற்றுமதி நிறுவனம். இருபது பேருக்கு மெயில் முகவரி. வாடகைக்கு எடுத்த ஒரு லினக்ஸ் சர்வர், அதில் மெயிலை அனுப்பவும் வாங்கவும் போஸ்ட்ஃபிக்ஸ், பெட்டியைத் திறந்து படிக்க டவ்காட். யாரோ எப்போதோ நிறுவிக் கொடுத்துவிட்டுப் போனது. "வெளிநாட்டுக்காரங்களுக்கு மெயிலே போகமாட்டேங்குது தம்பி. ஷிப்மென்ட் பேப்பர் அனுப்பணும், மூணு நாளா தவிக்கிறோம்" என்றார் முதலாளி. அனுப்பிய ஒவ்வொரு மெயிலுக்கும் 550 என்று ஆரம்பிக்கும் ஒரு மறுப்பு திரும்பி வந்துகொண்டிருந்தது. அதோடு, அவர்கள் அனுப்பவே அனுப்பாத மெயில்களுக்கும் ஆயிரக்கணக்கில் மறுப்புகள். சரக்கு துறைமுகத்தில் போய் நிற்கும், பேப்பர் போய்ச் சேராமல் அங்கே எடுக்க முடியாது, நிற்கும் ஒவ்வொரு நாளுக்கும் வாடகை. ஆக இது கம்ப்யூட்டர் பிரச்சினை மட்டும் இல்லை.

அந்த வேலையின்போது எழுதி வைத்த குறிப்புகளும், அதை ஒட்டிப் புரட்டிய பழைய ஆவணங்களும்தான் இந்தப் பதிவு.

பஸ் டிரைவரிடம் கொடுத்துவிட்ட பார்சல்

மெயில் சர்வர்கள் தங்களுக்குள் பேசும் பாஷைக்கு எஸ்எம்டிபி என்று பெயர். மிக எளிமையான பாஷை. வருகிறவர் முதலில் வணக்கம் சொல்லித் தன் பெயரைச் சொல்கிறார். அடுத்த வரியில், இந்தக் கடிதம் இன்னாரிடமிருந்து. அடுத்து, இன்னாருக்கு. அப்புறம் கடிதத்தின் உள்ளடக்கம். ஒரு வரியில் தனியாக ஒரு புள்ளி மட்டும் வைத்தால் கடிதம் முடிந்தது. ஒவ்வொரு வரிக்கும் எதிர்ப்பக்கம் மூன்று இலக்க எண்ணில் பதில் சொல்கிறது. 2-ல் ஆரம்பித்தால் சரி. 4-ல் ஆரம்பித்தால் இப்போது முடியாது, பிறகு வா. 5-ல் ஆரம்பித்தால் முடியாது, திரும்ப வராதே.

"இன்னாரிடமிருந்து" என்று சொல்கிறாரே, அது உண்மையா என்று பார்க்க அந்தப் பாஷையில் எந்த வழியும் வைக்கப்படவில்லை. நம் தபாலும் அப்படித்தானே. உறையின் பின்பக்கம் அனுப்புநர் என்று யார் பெயரை வேண்டுமானாலும் எழுதிப் பெட்டியில் போடலாம். இன்னொன்றும் கவனிக்க வேண்டும். உறை மேல் எழுதிய அனுப்புநர் வேறு, உள்ளே கடிதத்தாளின் தலைப்பில் அச்சிட்ட பெயர் வேறு. மெயிலிலும் இந்த இரண்டும் தனித்தனி. நாம் திரையில் பார்ப்பது தாளில் இருக்கும் பெயரை மட்டும்தான்.

இந்த நெறிமுறையை ஜான் போஸ்டல் 1982 ஆகஸ்டில் ஆர்எஃப்சி 821 என்ற ஆவணமாக எழுதினார். அப்போது எல்லாக் கணினிகளும் ஒன்றோடொன்று நேரடியாக இணைந்திருக்கவில்லை. அதனால் தனக்குச் சம்பந்தமில்லாத கடிதம் கையில் வந்தாலும் வாங்கி அடுத்த இடத்துக்குத் தள்ளிவிடுவதுதான் முறை. இதற்கு ரிலே என்று பெயர். ஊருக்குப் போகும் பஸ் டிரைவரிடம் பார்சலைக் கொடுத்து, "ஸ்டாண்டுல மாமா வந்து வாங்கிக்குவார்" என்று சொல்லிவிடுவோமே, அந்த மாதிரி. டிரைவர் உங்களை யார் என்று கேட்பதில்லை. அது மரியாதையாக இருந்த காலம்.

போஸ்டல் ஒன்றும் அப்பாவி இல்லை. 1975 நவம்பரிலேயே, ஆர்எஃப்சி 706 என்ற ஒரே ஒரு பக்கக் குறிப்பில், வேண்டாத செய்திகளைக் கொட்டும் கணினியைத் தேர்ந்தெடுத்து மறுக்க நம்மிடம் வழி இல்லையே என்று எழுதியிருக்கிறார். முதல் ஸ்பேம் என்று பொதுவாகச் சொல்லப்படுவது அதற்குப் பிறகுதான் வந்தது. 1978 மே 3-ம் தேதி, டிஜிட்டல் எக்யுப்மென்ட் நிறுவனத்தின் விற்பனைப் பிரிவில் இருந்த கேரி தர்க், ஆர்பாநெட்டில் சுமார் 400 பேருக்குத் தங்கள் புதுக் கணினியின் அறிமுகக் கூட்டத்துக்கு அழைப்பு அனுப்பினார். மூன்று வருடம் முன்பே எச்சரிக்கை இருந்தும் 1982-ல் வந்த நெறிமுறையில் அதற்கு மருந்து இல்லை. எனக்கு இது குறையாகப் படவில்லை. அன்றைக்கு ஒருவருக்கொருவர் முகம் தெரிந்த சில நூறு இடங்களுக்காக எழுதியது அது.

தொண்ணூறுகளின் நடுவில் நிலைமை மாறிவிட்டது. ஸ்பேமர்கள் திறந்து கிடக்கும் சர்வர்களைத் தேடிப் பிடித்தார்கள். ஒரு கடிதம், அதற்கு நூறு பெறுநர்கள் என்று கொடுத்துவிட்டால் போதும். நூறு பிரதி எடுத்து நூறு இடத்தில் கதவைத் தட்டுகிற பாடு முழுக்க அந்த அப்பாவி சர்வருடையது. பால் விக்ஸி போன்றவர்கள் கெட்ட முகவரிகளின் பட்டியல் போட ஆரம்பித்தார்கள். 1998-ல் வந்த சென்ட்மெயில் 8.9 பதிப்பிலிருந்து ரிலே தானாகவே மூடப்பட்டிருந்தது. வேண்டுமானால் நாம்தான் திறக்க வேண்டும். 1999 பிப்ரவரியில் வந்த ஆர்எஃப்சி 2505 இதையே எல்லோருக்குமான பரிந்துரையாக்கியது.

இதை ஏற்காதவர்களும் உண்டு. எலக்ட்ரானிக் ஃபிரன்டியர் ஃபவுண்டேஷனை நிறுவியவர்களில் ஒருவரான ஜான் கில்மோர் தன் வீட்டுச் சர்வரைத் திறந்தே வைத்திருந்தார். நண்பர்கள் எங்கிருந்தாலும் அதன் வழியாக மெயில் அனுப்பட்டும், ஸ்பேமர்களுக்காக நான் ஏன் கதவைச் சாத்த வேண்டும் என்பது அவர் வாதம். 2001-ல் அவருக்கு இணைய இணைப்பு கொடுத்த நிறுவனத்தோடு இது பெரிய தகராறாக முடிந்தது. எனக்கு அவர் வாதத்தின் மேல் இன்னும் கொஞ்சம் அனுதாபம் உண்டு. ஆனால் இன்றைக்கு ஒரு சர்வரைத் திறந்து வைத்தால் கூடிய சீக்கிரம் யாராவது கண்டுபிடித்துவிடுவார்கள், அவ்வளவுதான்.

திறந்த கதவுகள் குறைந்ததும் ஸ்பேமர்கள் வைரஸ் புகுந்த வீட்டுக் கம்ப்யூட்டர்களைப் பிடித்தார்கள். 2008 நவம்பரில் அமெரிக்காவில் மெக்கோலோ என்ற ஹோஸ்டிங் நிறுவனத்தின் இணைப்பைத் துண்டித்தபோது உலக ஸ்பேம் அளவு ஒரே நாளில் பாதிக்கும் கீழே விழுந்தது. அந்த வைரஸ் கூட்டங்களை ஆட்டிவைத்த கணினிகள் பல அங்கே இருந்திருக்கின்றன. அப்புறம் வீட்டு இணைப்புகளிலிருந்து நேரடியாக வரும் மெயிலையே வாங்குவதில்லை என்று பெரிய சேவைகள் முடிவெடுத்தன. இணைப்பு தருகிற நிறுவனங்கள் பலவும் 25-ம் போர்ட்டை அடைத்துவிட்டன.

சரி, ஸ்பேமருக்கு மிச்சம் இருப்பது என்ன? பல வருடமாக யோக்கியமாக மெயில் அனுப்பிக்கொண்டிருக்கும் ஒரு சின்ன நிறுவனத்தின் சர்வர். அதன் ஐபி முகவரிக்கு நல்ல பேர் இருக்கிறது. அதைக் கவனிக்க முழுநேர ஆள் கிடையாது. உள்ளே போக ஒரே ஒரு ஊழியரின் பாஸ்வேர்டு போதும். அவன் திருடுவது அந்த நல்ல பேரைத்தான். மற்றதெல்லாம் அதற்கான வழி.

முதலில் நிறுத்து, அழிக்காதே

இப்படி ஒரு சர்வரைப் பார்த்ததும் எல்லோருக்கும் கை துறுதுறுக்கும். க்யூவில் பல்லாயிரம் மெயில் நிற்கிறது, ஒரே கட்டளையில் துடைத்துவிடலாமே என்று. கூடாது. அதில்தான் தடயம் இருக்கிறது. நிஜமான மெயில்களும் அதே குவியலில்தான் கிடக்கின்றன.

சர்வரை மொத்தமாக அணைப்பதும் நல்லதில்லை. உள்ளே வரும் மெயில் நின்றுபோகும். போஸ்ட்ஃபிக்ஸில் டிஃபர் டிரான்ஸ்போர்ட்ஸ் என்று ஓர் அமைப்பு உண்டு. வெளியே கொண்டுபோகும் வாகனத்தை மட்டும் நிறுத்தி வைக்கச் சொல்லலாம். வருகிற மெயில் வழக்கம்போல் பெட்டியில் விழும், போகிறது க்யூவிலேயே காத்திருக்கும். முதல் ஐந்து நிமிடத்தில் செய்தது இது. அடுத்து மெயில் லாக் எல்லாவற்றையும் வேறு இடத்துக்குப் பிரதி எடுத்தேன். டெபியன் போன்ற லினக்ஸ்களில் வழக்கமான அமைப்பின்படி இந்த லாக் வாரம் ஒரு முறை சுழலும், நாலு வாரத்துக்கு மேல் பழையது தானாக அழிந்துவிடும். திருடன் எப்போது முதலில் வந்தான் என்பது பல சமயம் அந்த அழியப்போகிற பகுதியில்தான் இருக்கும்.

பிறகுதான் எந்த வழியாக வருகிறான் என்ற கேள்வி.

ஒருவேளை அவன் உங்கள் சர்வருக்கு வரவே இல்லாமல் இருக்கலாம். உங்கள் முகவரியை அனுப்புநர் என்று போட்டு வேறு எங்கிருந்தோ அனுப்புகிறான், மறுப்புகள் மட்டும் உங்களுக்கு வருகின்றன. க்யூ காலியாக இருந்து, லாகிலும் வெளியே போன தடயம் இல்லையென்றால் இதுதான். உங்கள் சர்வரில் சுத்தம் செய்ய ஒன்றும் இல்லை.

இல்லையென்றால் பழைய கதைதான், ரிலே திறந்து கிடக்கிறது. போஸ்ட்ஃபிக்ஸில் "என் நெட்வொர்க்" என்று ஒரு பட்டியல் உண்டு. அதிலிருந்து வருபவரிடம் பாஸ்வேர்டு கேட்பதில்லை. 3.0 பதிப்புக்கு முன்பு, நாம் எதுவும் சொல்லாவிட்டால், சர்வர் இருக்கும் தெரு முழுவதையும் அதாவது சப்நெட் முழுவதையும் சொந்தக்காரர்களாக எடுத்துக்கொள்ளும். வாடகை சர்வரில் பக்கத்து வீட்டுக்காரர் யார் என்று நமக்கு என்ன தெரியும்? இப்போது அடிக்கடி நடப்பது வேறு மாதிரி. மெயில் சர்வரை டாக்கர் கன்டெய்னருக்குள் வைக்கிறார்கள். சில அமைப்புகளில் வெளியே இருந்து வரும் எல்லா இணைப்பும் உள் கேட்வேயின் முகவரியிலிருந்து வருவதுபோல் தெரியும். கேட்வே சொந்தக்காரர் பட்டியலில் இருக்கிறது. ஆக உலகமே சொந்தக்காரர்கள். திறக்கிறோம் என்று தெரியாமலே திறந்துவிடுகிறார்கள்.

இன்னொரு வழி இணையதளம். அதே சர்வரில் "எங்களைத் தொடர்புகொள்ள" என்று ஒரு படிவமோ, புதுப்பிக்காத வேர்ட்பிரஸ் பிளகினோ இருக்கும். அதில் ஓட்டை போட்டு உள்ளிருந்தே அனுப்புவான். லாகில் பிக்அப் என்ற வரியில் யூஐடி 33 என்று வந்தால், டெபியன், உபுண்டுவில் அது வெப் சர்வரின் எண். பாஸ்வேர்டை எத்தனை முறை மாற்றினாலும் இது நிற்காது.

எங்கள் விஷயத்தில் இது எதுவும் இல்லை. ஒரு மெயிலை போஸ்ட்கேட் கட்டளையால் பிரித்துப் பார்த்தேன். ஏதோ வெளிநாட்டு வங்கியின் பெயரில் உங்கள் கணக்கு முடக்கப்பட்டது, இங்கே சொடுக்கவும் என்று இருந்தது. அந்த மெயிலின் எண்ணை லாகில் தேடினால், லாகின் செய்த பயனர் பெயர் தெளிவாக இருக்கிறது. கணக்குப் பிரிவின் முகவரி. லாக் முழுவதும் பயனர் வாரியாக எண்ணிப் பார்த்தேன். மற்ற பத்தொன்பது பேரும் சில பத்து மெயில்கள், இவர் மட்டும் பல்லாயிரம். ஒரே நிமிடத்தில் மூன்று கண்டங்களின் ஐபி முகவரிகளிலிருந்து ஒருவரே லாகின் செய்திருக்கிறார். கணக்கு பார்க்கும் அம்மா டிபன் பாக்ஸோடு எதிரே உட்கார்ந்திருந்தார். "நான் எதையும் தொடலைங்க சார்" என்று அவர் சொன்னது கஷ்டமாக இருந்தது. அவர் எதையும் செய்ய வேண்டியதில்லை. நிறுவனத்தின் பெயரும் 123-ம் சேர்ந்த பாஸ்வேர்டை அவருக்கு வைத்துக் கொடுத்தது சர்வரை நிறுவிய ஆள்.

பழைய லாகில் இன்னும் பின்னால் போனால் அந்தப் பாஸ்வேர்டை எப்படிப் பிடித்தார்கள் என்று தெரிந்தது. பொதுவாக நாம் நினைப்பதுபோல் ஒருவன் உட்கார்ந்து ஆயிரம் முறை முயற்சி செய்வதில்லை. ஒரு ஐபி முகவரியிலிருந்து ஒரே ஒரு முயற்சி. இருபது நிமிடம் கழித்து வேறொரு நாட்டிலிருந்து இன்னொன்று. இப்படி வாரக்கணக்கில். ஃபெயில்2பேன் போன்ற காவலாளி, ஒரே ஆள் பத்து நிமிடத்தில் ஐந்து முறை தவறினால்தான் கதவைச் சாத்துவார். இங்கே ஒவ்வொரு முறையும் புது முகம் என்பதால் அவர் கண்ணில் எதுவும் படவில்லை. ஃபெயில்2பேன் வைத்தால் போதும் என்று எழுதும் வழிகாட்டிகளைப் பார்க்கும்போது எனக்கு இதுதான் தோன்றும். வேண்டியதுதான், ஆனால் போதாது.

நடுவில் ஒன்பது நாள்

லாகில் என்னைப் பயமுறுத்தியது ஸ்பேம் இல்லை. பாஸ்வேர்டு சரியாக விழுந்த நாளுக்கும் ஸ்பேம் கிளம்பிய சனிக்கிழமை இரவுக்கும் நடுவில் ஒன்பது நாள் இடைவெளி. அந்த ஒன்பது நாளும் சாவி அவன் கையில் இருந்திருக்கிறது. அனுப்பும் கதவைத் திறக்கும் அதே சாவிதான் தபால் பெட்டியையும் திறக்கும். அது கணக்குப் பிரிவின் பெட்டி. இன்வாய்ஸ், வங்கிக் கணக்கு எண், எந்த வாடிக்கையாளர் எவ்வளவு பாக்கி எல்லாம் அதில்.

இப்படிப் பெட்டியைப் படித்துக்கொண்டே அமைதியாக இருந்து, பணம் வரவேண்டிய சமயம் பார்த்து "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி இதில் செலுத்தவும்" என்று அதே நடையில் மெயில் போடுவது ஒரு தனித் தொழில். ஸ்பேமால் போவது பேர். இதில் போவது வருடத்துச் சம்பாத்தியம்.

டவ்காட்டின் லாக் இங்கே உதவியது. ஒவ்வொருவரும் லாக்அவுட் ஆகும்போது எத்தனை பைட் உள்ளே வந்தது, எத்தனை வெளியே போனது என்று வழக்கமாக எழுதி வைக்கும். பெட்டியைப் படித்திருந்தால் வெளியே போன அளவு மெகாபைட் கணக்கில் இருக்கும். இங்கே வெளி ஆட்களின் ஐபியிலிருந்து இரண்டே இரண்டு லாகின், இரண்டிலும் சில நூறு பைட்கள். சாவி பொருந்துகிறதா என்று பார்த்துவிட்டுப் போயிருக்கிறான். வரும் மெயிலை வேறு முகவரிக்கு நகல் அனுப்பும் விதி ஏதாவது வைத்திருக்கிறானா என்று சீவ் கோப்புகளையும் பார்த்தேன், இல்லை. இருந்தாலும் முதலாளியிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் அன்றைக்கே ஒவ்வொரு பையருக்கும் போன் போட்டார். "பேங்க் நம்பர் மாத்தச் சொல்லி மெயில் வந்தா எங்கிட்ட பேசாம மாத்தாதீங்க" என்று. சர்வர் வேலையில் அன்று நடந்த உருப்படியான காரியம் அந்த போன்கள்தான் என்று நினைக்கிறேன்.

பூட்டை மாற்றுவது

பாஸ்வேர்டை மாற்றினால் முடிந்தது என்று தோன்றும். ஏற்கெனவே உள்ளே வந்து உட்கார்ந்திருக்கும் இணைப்புகள் அப்படியே தொடரும். டவ்காட் சரிபார்த்த விவரத்தைக் கொஞ்ச நேரம் நினைவில் வைத்திருக்கும்படி அமைத்திருந்தால் பழைய பாஸ்வேர்டே இன்னும் சில நிமிடம் செல்லும். அதனால் மாற்றிவிட்டு இரண்டு சேவைகளையும் நிறுத்தித் திரும்பக் கிளப்ப வேண்டும். ஒருவருக்கு அந்த மாதிரி பாஸ்வேர்டு என்றால் மற்றவர்களுக்கும் அதே அச்சுதான் என்பதால், இருபது பேருக்கும் மாற்றினோம். இனிமேல் ஒவ்வொருவருக்கும் நீளமான, இயந்திரம் உருவாக்கிய பாஸ்வேர்டு, போனிலும் லேப்டாப்பிலும் ஒரு முறை பதித்துவிட்டால் யாரும் மனப்பாடம் செய்ய வேண்டாம்.

மற்ற சர்வர்கள் வந்து பேசும் 25-ம் போர்ட்டில் பாஸ்வேர்டு கேட்கும் வசதியையே எடுத்துவிட்டேன். அங்கே வருபவர் நமக்கு மெயில் கொடுக்க மட்டும் வரலாம். ஊழியர்கள் அனுப்ப 587, 465 என்ற தனிக் கதவுகள், குறியாக்கம் இல்லாமல் நுழைய முடியாது. ஊழியர்களுக்கான வாசலைத் தனியாக வைக்க வேண்டும் என்பது 1998-லேயே ஆர்எஃப்சி 2476-ல் வந்துவிட்டது. இன்னும் பல சர்வர்களில் இரண்டும் ஒரே வாசலாகத்தான் இருக்கிறது. அப்புறம், லாகின் செய்தவர் தன் சொந்த முகவரியைத்தான் உறைமேல் போட முடியும் என்ற விதி. தாளின் தலைப்பில் இருக்கும் பெயரை இது பார்க்காது, இருந்தாலும் கண்டபடி பெயர் மாற்றி அனுப்புவது நிற்கும்.

எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியமாகப் படுவது ஆளுக்கு இவ்வளவு என்ற அளவுக் கட்டுப்பாடு. போஸ்ட்ஃபிக்ஸில் ஐபி முகவரி வாரியாக எண்ணும் வசதி உள்ளேயே இருக்கிறது. ஆனால் திருடன் ஆயிரம் ஐபியிலிருந்து வருகிறான். பயனர் வாரியாக எண்ண வேண்டும், அதற்கு ஒரு சின்ன துணை நிரலைப் பக்கத்தில் ஓடவிட வேண்டும். இந்த அலுவலகத்தில் யாரும் நாளைக்கு 60, 70 மெயிலுக்கு மேல் அனுப்புவதில்லை. 200 என்று எல்லை வைத்தோம். பாஸ்வேர்டு எப்படியும் ஒருநாள் யாருடையதாவது போகும். போனால் 40,000 மெயிலா 200 மெயிலா என்பதை இந்த ஒரு எண்தான் முடிவு செய்கிறது.

இதற்குப் பிறகுதான் க்யூவைச் சுத்தம் செய்தது. 40,000-க்கு மேல் நின்றது. போஸ்ட்சூப்பர் கட்டளையிடம் "எல்லாம்" என்று சொன்னால் ஒரு நொடி வேலை. அப்படிச் செய்யாமல், க்யூ பட்டியலை எடுத்து, அந்த ஒரு முகவரியிலிருந்து ஸ்பேம் தொடங்கிய நேரத்துக்குப் பிறகு வந்தவற்றையும், அவற்றுக்காகத் தானாக எழுந்த மறுப்புகளையும் மட்டும் பிரித்து அழித்தேன். விட்டிருந்தால் போஸ்ட்ஃபிக்ஸ் அவை ஒவ்வொன்றையும் ஐந்து நாள் வரை திரும்பத் திரும்ப அனுப்பிப் பார்த்திருக்கும். மிஞ்சியது அறுபத்துச் சொச்சம். அதில் மூன்று நாளாகத் தேடிய பேக்கிங் லிஸ்டும் பில் ஆஃப் லேடிங்கும் இருந்தன.

பேரைத் திரும்ப வாங்குவது

இங்கே ஒரு கசப்பான விஷயம். எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூன்றையும் சரியாக வைத்தால் பாதுகாப்பு என்று சொல்வார்கள். இந்தச் சர்வரில் மூன்றும் சரியாகவே இருந்தன. எஸ்பிஎஃப் என்பது எங்கள் பெயரில் இந்த ஐபியிலிருந்து மட்டும் மெயில் வரும் என்ற அறிவிப்பு. ஸ்பேம் அந்த ஐபியிலிருந்துதான் போனது. டிகிம் என்பது சர்வர் ஒவ்வொரு மெயிலிலும் இடும் கையெழுத்து. ஸ்பேம் ஒவ்வொன்றிலும் நிறுவனத்தின் உண்மையான கையெழுத்து இருந்தது. ஆக, வாங்கியவர்களின் பார்வையில் இது போலி இல்லை, நிஜமாகவே இந்த நிறுவனம் அனுப்பியது. வெளியே இருந்து நம் பெயரைப் போலி செய்வதைத்தான் இந்த மூன்றும் தடுக்கும். உள்ளே சாவியோடு வந்தவனுக்கு இவை முத்திரை குத்திக் கொடுக்கும்.

அதனால்தான் தண்டனையும் நிறுவனத்துக்கே வந்தது. ஸ்பாம்ஹவுஸ் போன்ற தடைப் பட்டியல்கள் வேலை செய்யும் விதம் அழகானது. டிஎன்எஸ் என்ற பெயர் தேடும் அமைப்பையே அவை பயன்படுத்துகின்றன. 203.0.113.7 என்ற முகவரியைச் சோதிக்க வேண்டுமானால் அதைத் திருப்பிப் போட்டு, 7.113.0.203 என்று எழுதி, பின்னால் பட்டியலின் பெயரைச் சேர்த்துத் தேடினால் போதும். பதிலே வராவிட்டால் பட்டியலில் இல்லை. 127.0.0.2 என்று வந்தால் ஸ்பேம் மூலம் என்று கையால் குறிக்கப்பட்டது, 127.0.0.4 என்றால் திருடர் வசம் போன கணினி, 127.0.0.10 அல்லது 11 என்றால் நேரடியாக மெயில் அனுப்பவே கூடாத வீட்டு இணைப்பு. ஒரு கேள்வி, ஒரு பதில், அவ்வளவு சின்ன விஷயம். அதை வைத்து உலகம் முழுக்க மெயில் சர்வர்கள் நொடியில் முடிவெடுக்கின்றன.

நீக்கச் சொல்லி விண்ணப்பிக்கும் அவசரம் எல்லோருக்கும் வரும். காரணம் நீங்காமல் விண்ணப்பித்தால் மறுநாளே திரும்பப் பட்டியலில் ஏறுவீர்கள், இரண்டாம் முறை அவ்வளவு எளிதாக இறங்க முடியாது. ஸ்பாம்ஹவுஸ் நீக்குவதற்குப் பணம் வாங்குவதில்லை. சீக்கிரம் நீக்கப் பணம் கேட்கும் பட்டியல்களும் உண்டு. அவற்றை மதிக்கும் பெரிய சேவை எதுவும் எனக்குத் தெரியாது, கொடுக்க வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

முதலாளி கேட்டார், "வேற ஐபி வாங்கிட்டா ஆச்சில்ல தம்பி?" நியாயமான கேள்விதான். புது ஐபிக்குக் கெட்ட பேர் இருக்காது, நல்ல பேரும் இருக்காது. முகம் தெரியாத ஆளைப் பெரிய சேவைகள் சந்தேகத்தோடுதான் பார்க்கும். சில சமயம் அந்த ஐபியில் நமக்கு முன் குடியிருந்தவர் செய்து வைத்ததும் நம் தலையில் விழும். போதாக்குறைக்குப் பெரிய சேவைகள் டொமைன் பெயருக்கும் தனியாகக் கணக்கு வைத்திருக்கின்றன. வீட்டை மாற்றினாலும் பேர் கூடவே வரும். அதனால் அங்கேயே இருந்தோம்.

தடைப் பட்டியலில் இருந்து ஒரு நாளில் இறங்கியாயிற்று. பெரிய மெயில் சேவைகளின் உள் கணக்கு வேறு. அங்கே விண்ணப்பம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ஒழுங்காக நடந்துகொண்டு காத்திருப்பதுதான். கூகுளின் போஸ்ட்மாஸ்டர் கருவியிலும் மைக்ரோசாஃப்ட்டின் எஸ்என்டிஎஸ் பக்கத்திலும் பதிவு செய்து வைத்தோம். இத்தனை சின்ன அனுப்புநர்களுக்கு அவற்றில் பல நாள் எந்தத் தகவலும் தெரியாது, இருந்தாலும் பெயர் அங்கே இருக்கட்டும். அதற்கப்புறம் மூன்று வாரத்துக்கு மேல் அவர்கள் அனுப்பிய மெயில்கள் பாதிக்குப் பாதி ஸ்பேம் பெட்டியில் விழுந்தன. ஒவ்வொரு இன்வாய்ஸ் அனுப்பியதும் கணக்குப் பிரிவு அம்மா பையரின் ஆபீசுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு வரி போடுவார், ஸ்பேம் பெட்டியைப் பாருங்கள் என்று. அங்கே யாரோ அதை எடுத்து "ஸ்பேம் இல்லை" என்று அழுத்துவார்கள். அந்த அழுத்தல்கள் எந்த அமைப்பையும்விட அதிகமாக உதவியிருக்கும் என்று எனக்கு ஒரு சந்தேகம்.

இப்போது அந்தச் சர்வரில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை க்யூவை எண்ணும் நாலு வரி ஸ்கிரிப்ட் ஒன்று ஓடுகிறது. 100-ஐத் தாண்டினால் முதலாளிக்கும் எனக்கும் போனில் செய்தி வரும். மெயிலில் அனுப்பச் சொல்லவில்லை, காரணம் தெரியும்தானே. இதுவரை இரண்டு முறை வந்தது. இரண்டுமே தீபாவளி வாழ்த்து.